நான் திருத்திய பேஸ்பால்காரர்

அந்த மனிதர் கட்டுரையின் நடுவில் இறந்துபோனார். அடுத்த பத்தியில் ரயிலேறி வேறோர் ஊருக்கு ஆடப் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். 'அவர் மூன்றாவது தளத்தில் இறந்தார்' என்றேதான் இருந்தது. இறந்த மறுவருடம் அவருக்குக் கல்யாணம் வேறு ஆகியிருந்தது.

என் பிழைப்பு இது. ஆங்கிலக் கட்டுரைகளை இயந்திரம் நொடியில் தமிழாக்கித் தள்ளிவிடும். அந்தத் தமிழை மனிதர் படிக்கும்படி திருத்திக் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் முழுவதையும் நானே மொழிபெயர்த்தேன். இப்போது யாருக்கும் அதற்குப் பொறுமையில்லை. கோயம்புத்தூர் வடவள்ளியில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து மிக்ஸி உத்தரவாதத் தாள்கள், சர்க்கரை நோய்க் குறிப்புகள், ஓட்டல் அறைகளின் வர்ணனைகள் என்று எத்தனையோ திருத்தியிருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு நிறுவனம் பழைய காலத்து விளையாட்டு வீரர்களின் வாழ்க்கைக் கதைகளை அனுப்ப ஆரம்பித்தது. ஒரு மல்யுத்தக்காரர், ஒரு நீச்சல்காரி. சிரமமில்லாமல் முடிந்தன. அடுத்து வந்தவர்தான் இந்த அமெரிக்கர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடியவர்.

பேஸ்பாலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அது கிரிக்கெட் இல்லை என்பது மட்டும்.

இயந்திரத்துக்கு அதுவும் தெரியாது. 'அவர் ஒரு சிறந்த வலது கைக் குடம்' என்று ஆரம்பித்தது. பந்து எறிபவருக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு டம்ளர் காபி ஆயிற்று. 'மைதானத்தின் ஓரத்தில் நின்று பல ஈக்களைப் பிடித்தார்' என்றது. உயரே அடித்த பந்துகள்தான் ஈக்கள். 'அந்த ஆண்டில் பல தளங்களைத் திருடினார்' என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். எதை, யாரிடமிருந்து, போலீஸ் ஏன் பிடிக்கவில்லை என்று ஒன்றும் விளங்கவில்லை.

இதற்கு மேல் இன்னொரு குழப்பம். முதல் பத்தியில் ஒரு பெயர், இரண்டாம் பத்தியில் இன்னொரு பெயர். யாரோ இரண்டாவது ஆள் வருகிறார் என்று நினைத்து, அவர் எப்போது வந்தார், எங்கே போனார் என்று தேடி ஒரு காலைப் பொழுதே போயிற்று. கடைசியில் இருவரும் ஒருவரே. ஞாயிற்றுக்கிழமை பந்தாடுவது பாவம் என்று அவருடைய ஊர்ப் பாதிரியார் சொல்லிவந்ததால், தாய்க்குத் தெரியாமல் வேறு பெயரில் ஆடியிருக்கிறார். மறுவருடம் செய்தித்தாளில் படம் வந்து தாய் கண்டுகொண்டபின் சொந்தப் பெயருக்குத் திரும்பிவிட்டார்.

மத்தியானம் சாப்பிட வந்த என் கணவரிடம் சொன்னேன். அவர் கணபதிப் பகுதியில் மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அப்புறம் என்னாச்சு?"

"ஒரு வருசம் கழிச்சு இவரைச் சின்ன ஊர் டீமுக்கு வித்துப்போட்டாங்களாமுங்க."

"ஆளை விக்கறதா? சந்தையில மாட்டை விக்கற மாதிரியா?"

"இப்பவும் கிரிக்கெட்டுல ஏலம் விடறாங்களே."

"அதுல அவனவன் கேட்டு நிக்கறான். இந்தாளை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

கேட்டதாகக் கட்டுரையில் இல்லை. கணவர் கை கழுவப் போகும்போது, "உன்ற தம்பியைக் கேளு அம்மணி. அவன்தான பந்து போட்டுட்டுத் திரிஞ்சவன்" என்றார்.

என் தம்பிக்கு உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் கொப்பரைக் களம் இருக்கிறது. தேங்காயை உடைத்து வெயிலில் காயவைத்து எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்புகிறான். இன்று அவனைப் பார்ப்பவர்கள் அவனுக்கு ஒரு காலத்தில் இடுப்பு ஒடிவதுபோல் வளைந்து வேகப்பந்து போடத் தெரியும் என்று நம்ப மாட்டார்கள். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் எங்கள் அப்பா ஸ்பின்னிங் பிரிவில் இருந்தார். அந்த மில்லுக்கு ஒரு கிரிக்கெட் அணி இருந்தது. தம்பி பள்ளி முடித்ததும் பந்து வீச்சுக்காகவே அவனை மில்லில் தற்காலிக வேலைக்கு எடுத்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவான். பெயர் பேப்பரில் வந்தது. வேலை நிரந்தரமாகும் என்று அப்பா காத்திருந்தார். ஒருநாள் திடீரென்று கிட் பையை யாருக்கோ கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். கேட்டதற்கு, "சலிச்சுப் போச்சு" என்றான். அவ்வளவுதான். எனக்கு அப்போது கல்யாணமாகிவிட்டது. அப்பா அவனோடு வெகுகாலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மில்லும் பின்னால் மூடிவிட்டார்கள். அவன் மாமனார் ஊரில் களம் வைத்து நன்றாகவே இருக்கிறான். கிரிக்கெட் பற்றிப் பேசமாட்டான். டிவியில் ஓடினாலும் எழுந்து போய்விடுவான்.

அப்படிப்பட்டவனிடம் எப்படிக் கேட்பது என்ற தயக்கத்தோடுதான் போன் செய்தேன். பின்னணியில் தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது.

"ஏனக்கா, இந்நேரத்துல?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான். "பேஸ்பாலா? அது எனக்கென்ன தெரியும்? சரி, படி."

படித்தேன். அந்தப் பேஸ்பால்காரர் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் சுரங்க வாசலில் ஒரு கொட்டகையில் உட்கார்ந்து, சரிந்து வரும் கரியிலிருந்து கல்லைப் பொறுக்கி எறிகிற வேலை. அந்த எறிதலில் கை பழகியதோ என்னவோ, சுரங்கத் தொழிலாளர் அணியில் பந்து எறிய நிறுத்தினார்கள். ஒரு தரகர் பார்த்துவிட்டு நகரத்துப் பெரிய அணிக்குக் கூட்டிப்போனார். இரண்டு வருடம் அவர் பந்தை யாராலும் அடிக்க முடியவில்லை. ஒருநாள் அவருடைய அணிக்கு அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டம் முழுவதும் எறிந்து ஜெயித்தார். இரண்டாவதற்கு எறிய வேண்டியவர் வரவில்லை. அணித் தலைவர் இவரைப் பார்த்தார். இவர் எழுந்து போய் அதையும் எறிந்து ஜெயித்தார். ஜனங்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"தூக்கறப்ப அவரு எறியற கையப் புடிச்சா இழுத்தாங்க?" என்றான் தம்பி.

"அதெல்லாம் போடலப்பா."

"செரி, மேல படி."

மறுவருடம் வசந்தகாலத்தில் பந்து போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. இந்த இடத்தில் இயந்திரம் 'அவருக்கு இறந்த கை ஏற்பட்டது' என்று எழுதியிருந்தது. நான் அதை 'கை செயலிழந்தது' என்று மாற்றப்போவதாகச் சொன்னேன்.

மறுமுனையில் தேங்காய்ச் சத்தம் குறைந்தது. அவன் களத்தைவிட்டு நகர்ந்திருக்க வேண்டும்.

"மாத்தாத அக்கா. அது சரியாத்தான் போட்டிருக்குது."

"இறந்த கைன்னா நல்லாவா இருக்குது? வலி வந்துச்சுன்னாவது போடறேன்."

"வலி இருந்தாத் தேவலையே. வலியே இருக்காது. கை அங்கதான் தொங்கும். ஆனா உன்றது இல்ல. பந்து எப்பக் கையை விட்டுப் போச்சுன்னே தெரியாது. மத்தவங்க மூஞ்சியப் பார்த்துத்தான் எங்க போய் உழுந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோணும்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"ஆராச்சும் சொல்லக் கேட்டிருப்பேன்" என்றான். "லாரி வந்திருச்சு. அப்புறம் கூப்புடறேன்."

அவன் அன்று திரும்பக் கூப்பிடவில்லை. நான் 'இறந்த கை' என்பதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன். ஆனால் மனம் அதில் நிற்கவில்லை. சலித்துப்போய் விட்டவன் இதை எப்படி இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறான்? கூட ஆடியவர்கள் யாருக்காவது அப்படி ஆகியிருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று ஒரு மணி நேரம் நினைப்பேன். அடுத்த ஒரு மணி நேரம் அப்படி இருக்காது என்று நினைப்பேன்.

மறுநாள் காலையில் அவனே கூப்பிட்டான். வணக்கம், சாப்பாடு எதுவும் இல்லை. "அப்புறம் அந்தாளு என்ன பண்ணுனாரு?"

இரும்பாலைகள் நிறைந்த ஓர் ஊரில் இருந்த எலும்பு வைத்தியரிடம் போயிருந்தார். இயந்திரம் அவரை 'எலும்பு அமைப்பாளர்' ஆக்கியிருந்தது. ஆலையில் அடிபட்டவர்களுக்குக் கையால் தடவியே சரி செய்கிறவராம். ஆட்டக்காரர்கள் வரிசையில் நிற்பார்களாம்.

"நம்மூர்ல கட்டு வைத்தியர் மாதிரி" என்றேன்.

"ஆமா. தாராபுரத்துக்கு அக்கட்ட ஒருத்தரு இருந்தாரு. கையப் புடிச்சு ஒரு இழுப்பு இழுப்பாரு. கண்ணுல பூச்சி பறக்கும். அப்புறம் முட்டை வெள்ளக்கருவுல துணிய நனைச்சுச் சுத்தி அனுப்புவாரு. ஒரு மண்ணும் ஆகாது."

"நீ எப்படா போனே?"

"ஒருக்கா."

"எப்ப?"

"அக்கா, உனக்குக் கட்டுரை முடியோணுமா வேண்டாமா? மேல படி."

வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒருவன் தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். கட்டோடு எங்கே இருந்தான்? அம்மா பார்க்கவில்லையா? மில் விடுதியிலேயே தங்கிவிட்டானா? எனக்குக் கேள்விகள் மேலும் மேலும் வந்தன. அவனோ அமெரிக்கரைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான்.

வைத்தியரால் பயனில்லை. சின்ன ஊர் அணிக்கு விற்றார்கள். அங்கும் பந்து சொன்னபடி கேட்கவில்லை. 'விடுவித்தார்கள்' என்று கட்டுரை சொன்னது. சீட்டைக் கிழித்து அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் அதன் பொருள். அதன்பிறகு ஒரு வருடம் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த வரி இப்படி இருந்தது: 'அவர் மேற்குப் பகுதி நகரம் ஒன்றில் மட்டைக்காரராகவும் வெளிக்களத்தவராகவும் மீண்டும் தோன்றினார்.' அதாவது, பந்து எறிபவராகப் போனவர், பந்து அடிப்பவராகவும் தொலைவில் நின்று பிடிப்பவராகவும் திரும்பி வந்திருக்கிறார்.

"நடுவுல ஒரு வருசம் எங்கிருந்தாரு?"

"போடல."

"போடாம எப்படி? அதுதான முக்கியம்?"

"நான் என்ன பண்ணட்டும்? இருக்கறதத்தான் திருத்த முடியும்."

"சுரங்கத்துக்குத்தான் போயிருப்பாரு" என்றான். "வேற எங்க போவாரு. வேலை உட்டு வந்து, யாரும் இல்லாத எடமாப் பார்த்துக் கல்லத் தூக்கிப் போட்டுத் தடியில அடிச்சிருப்பாரு. எறியத்தான முடியல, அடிக்க முடியும்ல. மொதல்ல யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டாரு."

அவன் சொன்ன விதத்தில் ஏதோ நேரில் பார்த்தவன் போன்ற உறுதி இருந்தது. அன்று மாலை திருத்திக்கொண்டே வந்தபோது, 'வேலை முடிந்தபின் கற்களைத் தடியால் அடித்துப் பழகினார்' என்று தட்டிவிட்டேன். பிறகுதான் உறைத்தது, அது கட்டுரையில் இல்லை, என் தம்பி சொன்னது என்று. அழித்தேன். அழித்தபின் அந்தப் பத்தி பொய் சொல்வதுபோல் இருந்தது.

மட்டைக்காரராக அவர் பெரிய அணிக்கே திரும்பினார். அதற்கப்புறம்தான் அவர் மூன்றாவது தளத்தில் இறப்பது. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். மூலத்தில் இருப்பதை மாற்றாமல், சரளமாக மட்டும் ஆக்கித் தருமாறு மரியாதையாகப் பதில் வந்தது. ஒருவரை எப்படிச் சரளமாக இறக்கவைத்து எப்படி உயிரோடு ரயிலேற்றுவது?

எங்கள் பின்தெருவில் ஒரு பெண்கள் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை குடியிருக்கிறார். எல்லாரும் பி.டி. மேடம் என்பார்கள். காய்கறி வண்டியருகே அடிக்கடி பார்ப்போம். அவருடைய கல்லூரியில் பேஸ்பால் அணி இருக்கிறது என்பது அவர் காரில் மட்டைகளை ஏற்றுவதைப் பார்த்திருந்தும் அதுவரை என் மூளைக்கு எட்டவில்லை. கேட்டேன்.

"வாயில சொன்னா வெளங்காதுங்க" என்றார். "சனிக்கிழமை காலைல பிராக்டிஸ் இருக்குது. வந்து பாருங்க. அஞ்சு நிமிசத்துல புரிஞ்சுபோகும்."

இதைத் தம்பியிடம் போனில் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "உக்கடத்துல ஒரு மண்டிக்காரரப் பார்க்கற சோலி இருக்குது. அப்படியே நானும் வாரேன்" என்றான். கோயம்புத்தூரில் அவனுக்குச் சோலி இருந்து நான் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை அவன் எனக்கு முன்பே கல்லூரி வாசலில் நின்றிருந்தான். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வாட்ச்மேன் அவனை யாரோ மாணவியின் தந்தை என்று நினைத்து நிழலில் நாற்காலி போட்டிருந்தார்.

மைதானத்தில் சாய்ந்த சதுரமாக நான்கு இடங்களில் வெள்ளைத் தகடுகள் கிடந்தன. அவைதான் தளங்கள். அடிப்பவள் ஒரு மூலையில் நின்று அடித்துவிட்டு, சுற்றி ஓடி மறுபடி அதே மூலைக்கு வந்தால் ஓர் ஓட்டம். மேடம் ஒரு மாணவியை ஓடவிட்டுக் காட்டினார். அவள் முதல் தளம், இரண்டாம் தளம் தாண்டி மூன்றாவதில் வந்து நின்றாள். இன்னொரு மாணவி அடிக்க வந்தாள். அவள் அடித்த பந்தைப் பிடித்துவிட்டார்கள்.

"அவ்வளவுதாங்க. முன்னாலயே ரெண்டு பேரு அவுட்டுன்னு வெச்சுக்கங்க, இதோட மூணு. இவங்க ஆட்டம் முடிஞ்சுது" என்றார் மேடம்.

"அப்ப மூணாவதுல நிக்கற புள்ள?"

"நின்ன எடத்துல நின்னதுதான். ஓட்டம் கெடையாது. திரும்பி வந்தர வேண்டியதுதான். அந்தக் காலத்துல இதைத்தான் செத்துப்போனதுன்னு எழுதியிருப்பாங்க."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவர் சாகவில்லை. வருடத்தின் கடைசி ஆட்டத்தில், ஒரே ஓர் ஓட்டம் தேவைப்பட்டபோது, மூன்று தளம் ஓடி வந்து, வீட்டுக்கு ஒரு தளம் பாக்கியிருக்கையில் நின்றிருக்கிறார். அடுத்தவர் அடித்த பந்தைப் பிடித்துவிட்டார்கள். கூட்டம் கலைந்திருக்கும். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடந்து திரும்பியிருப்பார்.

தம்பியிடம் இதைச் சொல்லத் திரும்பினேன். அவன் அந்த மூன்றாவது தளத்து மாணவியைப் பார்க்கவில்லை. பந்து எறியும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு சிறு மேட்டில் நின்று எறிந்துகொண்டிருந்தாள். எறிந்துவிட்டு ஒவ்வொரு முறையும் முழங்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஏனுங்க மேடம்" என்றான். "அந்தப் புள்ளைய நிறுத்தச் சொல்லுங்க."

"இப்பத்தான ஆரம்பிச்சிருக்குதுங்க."

"இல்லீங்க. கையத் தொட்டுத் தொட்டுப் பார்க்குது பாருங்க. வலிக்குதான்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லும். கேக்காம நிறுத்துங்க."

மேடம் அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவள் வலிக்கவில்லை என்றுதான் சொன்னாள்.

எறிபவள் உட்கார்ந்துவிட்டதால், மற்ற பெண்களுக்குப் பிடிக்கும் பயிற்சி கொடுக்க மேடமே மட்டையை எடுத்தார். ஒரு கையால் பந்தைத் தூக்கிப் போட்டு, மறுகையால் மட்டையை வீசி உயரே அடிப்பது. அது தொலைவில் நிற்கும் பெண்களைத் தேடிப் போகும். சிறிது நேரத்தில் அவர் மணிக்கட்டை உதறினார்.

"நீங்க சித்தெ எறிஞ்சு குடுக்கறீங்களா?" என்று தம்பியைக் கேட்டார்.

"எறியமாட்டனுங்க" என்றான் உடனே. பிறகு, "அந்த மட்டையக் குடுங்க" என்றான்.

வேட்டியை மடித்துக் கட்டினான். முதல் பந்து தரையில் உருண்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது மேலே போயிற்று. நான் அண்ணாந்து பார்த்தேன். பந்து வெயிலுக்குள் போய் மறைந்து, மறுபடி வெளியே வந்து, வேலியருகே ஒரு பெண்ணின் கையுறைக்குள் பட்டென்று இறங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவன் ஒரு கணம் அசையாமல் நின்றான். அப்புறம் நிறுத்தவில்லை. இடப்புறம், வலப்புறம், வேலிக்குப் போவதுபோல் நீளமாக, நடுவில் ஏமாற்றுவதுபோல் குட்டையாக. பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதை விட்டுவிட்டு ஓடினார்கள். துண்டு கீழே விழுந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை. உக்கடத்து மண்டிக்காரரைப் பற்றி நானும் ஞாபகப்படுத்தவில்லை.

திரும்பும் வழியில் அவன் காரில் நான் உட்கார்ந்திருந்தேன். லாலி ரோட்டில் சிக்னல் விழுந்தது. கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"அன்னிக்குக் கை போயித்தான் ஆட்டத்த உட்டியா, இல்ல நெசமாவே சலிச்சுப் போயா?"

அவன் முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்தபடி யோசித்தான். மழுப்புகிறான் என்று சொல்ல முடியாது. உண்மையிலேயே யோசித்தான்.

"தெரியலக்கா. கை போச்சு. அது செரி. ஆனா கை போன அன்னிக்கு ஒரு மாதிரி நிம்மதியாவும் இருந்துச்சு. இனி நாளைக்குப் போட வேண்டாம்லன்னு. அந்த நிம்மதி எங்கிருந்து வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல. அப்பாகிட்ட எதைச் சொல்லட்டும்? கை போச்சுன்னா வைத்தியம் பாருன்னுவாரு. சலிச்சுப் போச்சுன்னா திட்டிட்டு உட்ருவாரு."

சிக்னல் மாறியது. இதுவரை எனக்கிருந்தது ஒரு குழப்பம், அவன் பதில் சொன்னபிறகு இரண்டு.

கட்டுரையை முடித்து அனுப்பினேன். அந்தப் பேஸ்பால்காரர் பெரிய அணியில் இன்னும் இரண்டு வருடம் ஆடினார். கால் வேகம் குறைந்ததும் சின்ன ஊர்களுக்கு இறங்கினார். தலைமுடி நரைத்தபின்னும் அந்த ஊர்களில் ஆடினார், பிறகு நடுவராக நின்றார், கடைசியில் தன் சுரங்க ஊருக்கே போய் மைதானத்து வாசலில் நுழைவுச்சீட்டு கிழித்துக்கொடுக்கும் வேலையில் இருந்தார். இது வீழ்ச்சியா, இல்லை அவருக்குப் பிடித்த இடத்திலேயே கடைசிவரை இருந்துவிட்டாரா என்று கட்டுரை எதுவும் சொல்லவில்லை. நான் எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. 'வேலை பார்த்தார்' என்று மட்டும் எழுதினேன். தளத்து விஷயத்தை 'மூன்றாம் தளத்தோடு அவர் ஓட்டம் நின்றது' என்று திருத்தியிருந்தேன். இணையத்தில் ஏற்றும்போது வேறு யாரோ அதைப் பார்த்து, மூலத்தோடு ஒத்துவரவில்லை என்று 'இறந்தார்' என்றே மாற்றிவிட்டார்கள். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

தம்பி அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தான். அதற்கடுத்ததும். மேடம் கல்லூரியில் சொல்லி ஏதாவது முறையான ஏற்பாடு செய்வதாகச் சொன்னதற்கு, "அதெல்லாம் வேண்டாமுங்க. அப்புறம் வரோணும்னு ஆயிப்போகும்" என்று மறுத்துவிட்டான். அப்போதும் தவறாமல் வந்தான்.

கொஞ்ச நாளில் அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள். கணவனின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கையா என்பார்கள்.

"நங்கையா, உங்க தம்பி சனிக்கெழமையானா விடியறதுக்குள்ள குளிச்சுக் கெளம்பிப்போடறாருங்க. கேட்டா உக்கடத்துல சோலிங்கறாரு. மண்டிக்காரரோ இவர ஆறு மாசமாப் பார்க்கவே இல்லைங்கறாரு. எனக்கு என்ன நெனைக்கறதுன்னே தெரியலீங்க."

"ஒண்ணுமில்ல கண்ணு. காலேஜு புள்ளைங்களுக்குப் பந்து அடிச்சுக் குடுக்கறான்."

"காலேஜுப் புள்ளைங்களுக்குங்களா?" என்று கேட்ட குரல் மாறியிருந்தது. நான் சொன்னது நிலைமையை மோசமாக்கிவிட்டது என்று அப்போதுதான் உணர்ந்தேன். எதிலிருந்து ஆரம்பிப்பது? அமெரிக்கச் சுரங்கத்திலிருந்தா, தாராபுரத்துக் கட்டு வைத்தியரிடமிருந்தா? வைத்தியர் பற்றி இவளுக்குத் தெரியுமா என்பதே தெரியாது.

"நீயே வந்து பாரு" என்றேன்.

வந்தாள். அவனுக்குச் சொல்லாமல் பஸ்ஸில் வந்து, என்னோடு மைதானத்துக்கு நடந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள், எதற்கும் தயாராக வந்தவள் மாதிரி. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அடித்துக்கொண்டிருந்தான். முழங்கால் பேண்ட் போட்டிருந்தான். அவனை அவள் அதில் பார்த்ததே இல்லையாம். எங்களைப் பார்த்ததும் மட்டையைக் கீழே போடப் போனான்.

"நீங்க அடிங்க" என்றாள் அவள்.

படியில் உட்கார்ந்து பார்த்தாள். பந்து மேலே போகும்போதெல்லாம் அவள் தலையும் மேலே போயிற்று. கோபமா, அழுகையா, நிம்மதியா என்று அவள் முகத்தில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பயிற்சி முடிந்து பெண்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆட ஆரம்பித்தார்கள். தம்பி எங்களருகே வந்து, இரண்டு படி தள்ளி உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். அவள் தன் முந்தானையால் அவன் கழுத்து வியர்வையைத் துடைத்துவிட்டு, மைதானத்தைக் காட்டி என்னைக் கேட்டாள்.

"நங்கையா, பந்தை யாருமே அடிக்கல. அந்தப் புள்ள எதுக்கு ஓடுது?"

அவள் தளத்தைத் திருடுகிறாள், அதாவது அடி விழாமலே அடுத்த தளத்துக்கு ஓடிப்போய்விடுகிறாள் என்று ஆரம்பித்தேன். எதுக்குத் திருடுது, திருடினால் பிடிக்கமாட்டார்களா என்று கேட்டாள். பிடிப்பார்கள், ஆனால் பிடிப்பதற்குள் போய்விட்டால் அது தப்பில்லை என்றேன். அப்படியென்றால் எல்லாரும் ஏன் ஓடவில்லை என்றாள். தம்பியைப் பார்த்தேன். அவனும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கும் அது இன்னும் சரியாப் புடிபடல" என்றான்.